குதிரைக்கு முன்னால் நாலு இன்ச்

— வை. எடுத்த இடத்துலயே வை. நாலு இன்ச்சுக்குள்ள எதிரி நிக்கறப்போ உன் ஈட்டிக்காரன் பக்கவாட்டுல நடக்கக் கூடாது.

— அண்ணே, ஞாயித்துக்கிழமை. சாப்பாட்டு மேஜை. ஈயப் பொம்மைச் சிப்பாயை வச்சு ஒரு போர் ஆட்டம். இதுக்கு ஏன் இந்தக் கத்தல்?

— விளையாட்டுன்னா விதி கிடையாதா? ஆட்டத்தோட விதிப் புத்தகத்துல எட்டாம் பக்கம். ஒண்ணு, நேரா மோதணும். இல்ல, முகத்தைத் திருப்பாம பின்வாங்கணும். அதுவும் இல்லேன்னா மரம் மாதிரி நிக்கணும். உனக்குன்னு தனியா ஒரு வழியை யாரும் எழுதி வைக்கல.

— அந்த விதியே அசட்டு விதி. இந்தப் பக்கம் அறுபது ஈட்டிக்காரன், அந்தப் பக்கம் பத்துக் குதிரை. அவன் எதுக்குப் பயந்து நிக்கணும்?

— தெருமுனையில நாய் உறுமிக்கிட்டு நிக்குது. அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒய்யாரமா நடந்து போவியா?

— கட்டிப் போட்டிருந்தா போவேன்.

— போவே. கடிபட்டு வந்து நாயைக் குறை சொல்லுவே. சின்ன வயசுலேருந்து உனக்கு எல்லாமே குறுக்கு வழிதான். தையல் மெஷினை மிதிக்கிறவனுக்குப் போர் எங்கே புரியப் போகுது!

— ஸ்கூல் பஸ் ஓட்டறவருக்கு மட்டும் புரியுமாக்கும்.

— இருபத்திரண்டு வருஷம். வண்டியில ஒரு கீறல் காட்டு பாக்கலாம். நிக்கற இடத்துல நிப்பேன், போற இடத்துல போவேன். உன்னை மாதிரி நினைச்ச பக்கம் வளைச்சா பிள்ளைங்க வீடு வந்து சேருமா?

— என்னங்க, அண்ணனும் தம்பியும் ராஜ்யத்தைப் பிரிச்சாச்சா? மேஜையைக் காலி பண்ணாத்தான் தட்டு வைக்க முடியும்.

— பத்தே நிமிஷம், அண்ணி.

— இவன் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டா ரெண்டே நிமிஷம். நீ போய் அடுப்பைப் பாரு.

— சரிண்ணே, அண்ணி போயாச்சு. விதி சரின்னே வச்சுக்குவோம். எந்தக் குதிரை?

— எந்தக் குதிரையா! இவ்வளவு நேரம் கரடியாக் கத்தறேன், எந்தக் குதிரைங்கிறான். இதோ, தொட்டே காட்டறேன். என் குதிரைப்படை. மூணு இன்ச்சு கூட இல்ல.

— அதுவா?

— அதேதான். டேப்பை வச்சு அளந்துக்கோ. இழுத்துப் பிடிச்சு அளக்காதே, அதுலயும் தையக்கடைப் புத்தியைக் காட்டுவே.

— அண்ணே, உன் படை என்ன கலர்?

— நீலம். பெயின்ட் அடிச்சவனே நீ, என்னைக் கேக்கறே.

— நீ விரல் வச்சிருக்கிறது பச்சை. என் குதிரை. என் ஆளைப் பாத்து என் ஆளே எதுக்கு நிக்கணும்?

— வெளிச்சம் சரியில்ல.

— மத்தியானம் ஒரு மணி. வெயில் மேஜை மேலயே விழுது.

— அப்ப உன் பெயின்ட் மட்டம். மலிவா எங்கேயாவது வாங்கியிருப்பே.

— போன வாரம் என் வில்லாளியைத் தூக்கி உன் வரிசையில வச்சே. அழுகுணி ஆட்டம்னு நினைச்சுக்கிட்டேன். வீடு போற வரைக்கும் உன்னை மனசுக்குள்ள காறித் துப்பினேன்.

— பொம்மையை எடுத்து வைடா. ஆட்டம் போதும்.

— பொம்மையை விடு, என்னைப் பாரு. நாளைக்குக் காலையில இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு, நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு நீ எப்படிண்ணே...

— மெதுவாப் பேசுடா. உங்க அண்ணிக்கு இன்னும் தெரியாது.