அவளுக்காகப் பொருத்திய மைக்

நல்ல மைக் வாங்குவதில் கஞ்சத்தனம் கூடாது என்பது என் கட்சி. கேமரா மங்கலாக இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. குரல் கரகரத்தால், பேசுகிறவருக்கே விஷயம் தெரியாது என்று முடிவுகட்டிவிடுவார்கள். விளம்பரங்களுக்குப் பதிவான குரல்களைச் சுத்தம் செய்வது என் தொழில். அதனால் என் மனைவி வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதும், என் ஸ்டுடியோ மைக்கையும் அதைக் கணினியோடு இணைக்கும் பெட்டியையும் அவள் மேசையில் நானே பொருத்தினேன்.

"நான் என்ன பாட்டா பாடப்போறேன், இவ்ளோ பெரிய மைக்கு?" என்று சிரித்தாள்.

அவளுக்கு மென்மையான குரல். அந்த மைக்கில் அது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். மீட்டிங்கில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். குழுவுக்குத் தலைவியானாள். பிறகு வேறு ஊரிலிருந்த தலைமை அலுவலகம் அவளை அங்கேயே வரச் சொன்னது.

"நீங்களும் வாங்க. உங்க வேலைய எங்கிருந்தும் பண்ணலாமே."

சரியாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபமில்லை, பயம். சுவருக்கு அந்தப் பக்கம் அலுவலகத்து ஆட்களோடு அவள் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். என்னோடு அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

மின்விசிறி இரைச்சல் வெளியே போகாமல் தடுக்க, மெல்லிய ஒலிகளை அடைத்துவிடும் ஒரு வசதியை அவள் கணினியில் வைத்திருந்தேன். அதைக் கொஞ்சம் ஏற்றினேன். அவ்வளவுதான். பேசி முடிக்கும்போது அவள் குரல் தணியும். அந்தத் தணிந்த பகுதி மட்டும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அவள் ஹெட்ஃபோனுக்கோ அவள் குரல் கணினியைத் தொடாமல் பெட்டியிலிருந்து நேராக வரும். ஆகவே அவளுக்கு எல்லாம் முழுதாகவே கேட்டது.

"பாதி பாதியா கேக்குதுன்னு சொல்றாங்க" என்று வந்து நிற்பாள். நான் அளவை இறக்கி, பேசச் சொல்லிப் பதிவு செய்து போட்டுக் காட்டுவேன். கண்ணாடி மாதிரி இருக்கும். "உனக்குத்தாம்மா களைப்பு" என்பேன். அவள் போனதும் ஏற்றிவிடுவேன். ஒருநாள் மடிக்கணினியின் சொந்த மைக்கிலேயே பேசிப் பார்க்கிறேன் என்றாள். என் முகம் வாடியதைப் பார்த்து அவளே விட்டுவிட்டாள். நல்லவள்.

எல்லோரும் சேர்ந்துகொண்டு தன்னைக் கேலி செய்வதாக நினைத்தாள். கத்த ஆரம்பித்தாள். கத்தினால் அடைப்பு திறந்துகொள்ளும், எல்லாம் முழுதாகப் போகும். அலுவலகத்துக்குக் கிடைத்தது, பாதியில் நிற்கிற, இல்லையென்றால் கத்துகிற ஒரு பெண். தலைமை அலுவலகம் அழைப்பைத் திரும்பப் பெற்றது. அவள் வேலையை விட்டாள். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன், பொய் சொல்ல மாட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். ஆனால் சாப்பிடும்போது, "நான் பேசினது கேட்டுச்சா?" என்று அவள்தான் கேட்டாள். நன்றாகவே கேட்டிருந்தது. "கடைசில என்ன சொன்ன?" என்றேன். ஊரைவிட்டுப் போகும் பேச்சை மறுபடி எடுத்துவிடுவாளோ என்றுதான். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. மருத்துவர் கேட்டதற்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நானே பதில் சொன்னேன்.

தங்கையைப் பார்க்க வந்த என் மச்சான், அவள் மேசையில் உட்கார்ந்து அவள் கணினியிலேயே தன் அலுவலக மீட்டிங்கில் பேசியிருக்கிறார். அவருக்கும் பாதி பாதியாகத்தான் போயிருக்கிறது. அவர் என்ன, களைப்பு என்றால் நம்புகிற ஆளா? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, இத யாரு இப்படி வச்சது?"

"நான்தான்" என்றேன்.

அவர் என்னைத் தொடவில்லை. அவள் முன்னால் மண்டியிட்டு, "என்கூட வந்துடும்மா" என்றார். அவள் உதடு அசைந்தது. நான் வழக்கம்போல மெதுவாக, "கடைசில என்னம்மா சொன்ன?" என்றேன். வாயை மூடிக்கொண்டாள். மச்சான் எழுந்து, காவல் நிலையத்திலிருந்து உங்களை அழைத்துவரப் போனார்.

நான் செய்ததை ஒளிக்கவில்லை. அடைத்தது நான், ஏற்றியது நான், கேட்டும் கேட்காததுபோல் இருந்ததும் நான். ஆனால் அவளை இங்கே பிடித்துவைத்திருக்கிறேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்த அறையில்தான் இருக்கிறாள், நீங்களே கேளுங்கள். போக விருப்பமிருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமலா இருப்பாள்?