வெள்ளிக்கிழமைத் தாரா

தொண்ணூறுகளில் ஒரு மதியம், பிராங்பேர்ட்டில் கன்ரோனியச் சீனர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை வரிசையில் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் வாட்டிய தாரா வாத்து, பன்றி விலா, கோழி தொங்கின. எனக்கு முன்னால் இரண்டு தமிழர்கள்.

"மூண்டு வருசமா நான் மச்சம் மாமிசம் தொடேல்லை, அண்ணை," என்றார் இளையவர். "மனுசி விசா கிடைச்சு வந்து சேருமட்டும் எண்டு ஊர்க் கோயில் அம்மாளுக்கு நேர்த்தி."

"வந்திட்டாவோ?"

"ஓம், காலமை வந்து இறங்கீட்டா. வீட்டில படுத்திருக்கிறா."

மூத்தவர் அவருடைய தோளைத் தட்டினார். "நல்லது. ஆனா இண்டைக்கு வெள்ளியெல்லோ. நாளைக்குச் சாப்பிட ஏலாதோ?"

"நானும் அவவிட்டை அதைத்தான் சொன்னன். 'அம்மாளோட நான் கதைக்கிறன், நீங்கள் தோல் மொறுமொறுப்பாப் பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ' எண்டிட்டா."

"அப்ப பாதித் தாரா காணாது, தம்பி. முழுசா வாங்கு."