மடத்திலிருந்து எங்களிடம் திரும்பிய ஞானஜோதி டீச்சருக்கு

வேதியியலையும் வேதத்தையும் ஒரே மேசையில் வைத்தவரே! அதிர்ந்து பேசாமல் அன்பால் ஆண்டவரே! இன்று ஓய்வு பெறும் எங்கள் ஞானஜோதி டீச்சரே! வணக்கம்.

கோயில் மணி ஓய்ந்து, மின்வண்டிகள் பனிக்குள் மறைந்து, தொலைவில் திருநீர்மலை மெல்லத் துலங்கும் நேரத்தில், முக்காட்டை இன்னும் விலக்காமல், பூசையில் நற்கருணை அப்பம் வாங்கிய முகத்தோடு சாலையோரம் நடந்து வருவீர்கள். அந்த முகத்தைப் பார்த்த பின்தான் எங்களுக்குப் பொழுது விடியும். "காலை டிபன் ஆச்சா டீச்சர்?" என்று கேட்டால், "ஆறு மணிக்கே ஆச்சும்மா" என்பீர்கள். அது எந்தப் பந்தி என்று புரிய எங்களில் பலருக்கு நாளாயிற்று.

நண்பகல் மணி கேட்டதும், கபிரியேல் சம்மனசு வந்து, மகன் பிறப்பார் என்று தேவதாய்க்கு மங்கள வார்த்தை சொன்னதை நினைத்துக் கண்மூடி நிற்பீர்கள். மாணவிகளும் பியூரெட்டின் திருகை மூடிவிட்டு அசையாமல் நிற்பார்கள். கணக்கு டீச்சர் திரிபுரசுந்தரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கண்டு, இரங்கல் கூட்டம் என்றே எண்ணி, வாசலில் தாமும் தலை குனிந்து நின்றார். முடிந்ததும் தயங்கிக் கேட்டார்.

"யார் போயிட்டாங்க டீச்சர்?"

"யாரும் போகலைம்மா. ஒருத்தர் வரார்."

கோயிலில் லத்தீன் போய்த் தமிழில் பூசை தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு தங்கள் தாயார் மறைந்தார். இளமையில் கேட்ட அழைப்புக்கு இனித் தடையில்லை என்று வேலையை விட்டுக் கன்னியர் மடத்துக்குப் புறப்பட்டீர்கள். மாலையிட்டோம், அழுதோம், அனுப்பினோம். ஐப்பசி மழை ஓயுமுன் ஒரு காலை, அதே பெட்டியோடு பள்ளி வாசலில் நின்றீர்கள். அதற்குள் தங்கள் நாற்காலியில், புதிதாய்ப் பட்டம் வாங்கி வந்த எங்களுள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணை வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்றேன். நீங்க க்ளாஸுக்குப் போங்க" என்றார் தலைமையாசிரியை சுந்தரவல்லி அம்மா.

"வேண்டாம்மா, அவ இருக்கட்டும். லேப் அசிஸ்டன்ட் இடம் காலியாத்தானே இருக்கு?"

"சம்பளம் பாதிகூட வராதே!"

"நான் ஒருத்திதானேம்மா."

ஆயா கிளியம்மாளுக்கு மட்டும் மனத்தில் பட்டதைக் கேட்கும் துணிவு இருந்தது. "இன்னா டீச்சர், சாமி வோணாம்னு திருப்பி அனுப்சிட்டாரா?"

தாங்களோ சிரித்தீர்கள். "வீடு மாறிப் போயிட்டேன் கிளியம்மா. போய்க் கதவைத் தட்டினா, அவர் தாம்பரத்துலதான் இருக்காராம்!"

ஊர் அப்படிச் சிரிக்கவில்லை. அழைப்பைத் தவறவிட்டவர் என்றது. பதவியோடு பாதையும் போய்விட்டதோ என்று நாங்களும் கலங்கினோம். தாங்களும் கலங்கினீர்களா என்று கேட்க இத்தனை ஆண்டுகள் எங்களுக்கு வாய் வரவில்லை. சென்ற வாரம், தாங்கள் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், திரிபுரசுந்தரி கேட்டேவிட்டார்.

"மடத்தை விட்டு வந்ததுல வருத்தமே இல்லையா டீச்சர்?"

"இருந்துது. தப்புப் பண்ணிட்டேனான்னு ரொம்ப நாள் பூசையில அதையேதான் கேட்டுட்டு இருந்தேன். பதிலே வரலை. அப்புறம் ஒரு நாள் இப்படித்தான் குழாயைக் கழுவி வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். உள்ள ஒண்ணுமே இல்லை. அடுத்த பொண்ணு எதை ஊத்தினாலும் அது கலப்பில்லாம இருக்கும். இந்த வேலையைத்தானே அங்கேயும் கேட்டுப் போனோம்னு தோணிச்சு. அன்னியிலேர்ந்து கேக்கறதை விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த குழாயை எடுத்தீர்கள். சன்னல் வெயில் கண்ணாடிக்குள் நுழைந்து தங்கள் விரல்களில் பல நிறமாய்ப் பிரிந்தது.

பாதையைக் கண்டுகொண்ட பெருந்தகையே! தாங்கள் நம்பும் ஆண்டவர் தங்களுக்கு நோயற்ற நெடு வாழ்வும், இரும்புலியூர் வீட்டில் இளைப்பாறும் காலைகளும், காலைதோறும் அந்த ஆறு மணிப் பந்தியும் தருவாராக! நாளை முதல் ஆய்வகச் சாவி எங்களிடம் இருக்கும். குழாய்களை நாங்களே கழுவுவோம். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே அடுக்குவோம்.

தங்களைப் பிரிய மனமில்லாத
அறிவியல் பகுதி ஆசிரியைகளும் பள்ளிப் பணியாளர்களும்
தாம்பரம், ஏப்ரல் 1974