பின்னால் உருளாதே

— செத்துட்டியா?

— ம்.

— எத்தனாவது வாட்டி?

— பதினேழு. எண்ணாத கஜே.

— நான் எங்க எண்ணுறேன்? ஒவ்வொரு வாட்டியும் நீ சாகுறப்ப ஒரு மேளம் அடிக்குதே, அது எண்ணுது. மறுபடி பின்னால உருண்டுட்ட, இல்ல?

— உருளல. ஒரே ஒரு எட்டு பின்னால வச்சேன்.

— கிஷாந்து, எனக்குக் கண்ணுதான் போச்சு. காது போகல. சர்ர்னு மண்ணுல உரசுற சத்தம் கேட்டுச்சு.

— பழக்கம்டா! ஆறு வருசமா அந்தப் பழைய கேம்ல அப்படித்தானே ஆடுனோம்? அடி வந்தா கேடயத்தத் தூக்கு, உருண்டு ஓடு, அவன் களைச்சுப் போனதும் போயி ஒரு குத்து. நீதானே பழக்கிவிட்ட?

— அது அந்த கேம். இதுல கேடயமே இல்லியே. இவன் களைக்கவும் மாட்டான். நீ ஓடுனா வெரட்டி வந்து முதுகுல குத்துவான். நின்ன எடத்துல நின்னு, ஈட்டி மேல படுற அந்த நொடியில எல் வன் பட்டன அமத்தித் தட்டி விடணும். பத்துத் தட்டு. அதுக்கப்புறம் அவனே முட்டி போட்டுருவான்.

— வாயால ஆடுறது லேசுதான்.

— இந்தக் கடைசிப் பேய் வரைக்கும் கொண்டாந்து விட்டது என் கைடா. நாலு மாசத்துக்கு முந்தி, இதே நாற்காலியில ஒக்காந்து.

— தம்பிமாரே, ஒண்டு இருவது ஆகுது. கொழும்புக்குக் கூட்டிட்டுப் போற லோஜினி அக்கா ரெண்டாவது வாட்டியும் போன் அடிச்சுட்டாங்க. ரெண்டு மணிக்கு கஜேந்திரன் ஹட்டன் ஸ்டேஷன்ல நிக்கணுமாம்.

— அஃப்ஹம் நானா, இன்னொருக்கா. சத்தியமா ஒரே ஒருக்கா.

— இத நீ காலையில எட்டு மணியில இருந்து சொல்ற. வெள்ளிக்கிழமை நான் இந்த கேம் கடை தொறக்குறதே இல்ல. ஒங்க ரெண்டு பேருக்காகத்தான் தொறந்தது. ஜும்ஆவுக்கு ஓடிப் போய் ஓடி வந்தும் நீங்க அதே எடத்துலதான் சாகுறீங்க. ட்ரெய்ன் எனக்காக நிக்காதே தம்பி. கண்ணு தெரியாத ஆக்களுக்கு வேல பழக்குற எடம் கொழும்புல எத்தன ஈக்கு? கெடச்ச ஒண்டையும் விடப் போறீங்களா?

— விடல நானா. இன்னைக்குப் போயிருவேன். ஆனா ஒரு வருசம் அங்க படுத்துக்கிட்டு, இதுல கடைசில என்னா வந்திச்சுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்க முடியாது. பாக்கத்தான் முடியாது, கேட்டுட்டாவது போறேன். கிஷாந்து, ஆரம்பி.

— வர்றான். ஈட்டிய மேல தூக்குறான், நுனியில மணி கட்டியிருக்கான், இப்ப வலது பக்கம் திரும்பி…

— அவனப் பாக்காதடா. பாத்தாலே கால் பின்னால போகும். மணியக் கேளு. ஒத்த மணி அடிச்சா அடி தலைக்கு வருது. ரெட்ட மணின்னா காலுக்கு. கேளு… இப்ப!

— தட்டிட்டேன்!

— கேட்டுச்சு, இரும்புச் சத்தம். நில்லு… இப்ப! நல்லா இருக்கு. அடுத்தது ரெட்ட மணி… டேய்!

— ஐயோ.

— சர்ர். மேளம். பதினெட்டு.

— என்னால ஆகாதுடா. நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்.

— ஏய், ஏய், ரிமோட்ட எறியாத! அது ஒடஞ்சா வேற இல்ல.

— மன்னிச்சிருங்க நானா. இவனுக்குச் செய்யுறதுக்கு எங்கிட்ட வேற என்னா இருக்கு, சொல்லுங்க? இந்த ஒண்ண முடிச்சுக் குடுத்து அனுப்பலாம்னு பாத்தா, அதுக்கும் வக்கில்ல. ஓடத்தான் வருது எனக்கு.

— நீ ஓடுற ஆளா? அப்படிச் சொன்னா டிக்கோயா ஆஸ்பத்திரி வாட்டே சிரிக்கும். நாலாம் நம்பர் தேயில மலையில குளவிக் கூடு கலைஞ்ச அண்டைக்கு நீ நிண்டு படங்கால போத்தாட்டி, கஜேந்திரன் இண்டைக்கு ட்ரெய்ன்லயா போவான்? மண்ணுக்குள்ள ஈப்பான்.

— நானா, அத விடுங்க.

— ஏன் விட? இங்க வாற பொடியன்மார் எல்லாருக்கும் நான் அதத்தான் சொல்றது. குளவி வந்தா ஓடப்படாது. ஓடுறவனத்தான் அது வெரட்டும். கொழுந்து பறிக்க இடுப்புல கட்டின படங்க, அந்தத் தடிச்ச துணிய அவுத்து, தலையோட போத்திட்டு, குப்புறப் படுக்கணும். பக்கத்துல படங்கு இல்லாம ஒருத்தன் நிண்டா அவனையும் இழுத்துப் போத்தணும். தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்த எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த நேரத்துல செஞ்சது நீ ஒருத்தன். ஒங்கம்மாக்குத்தான், பாவம், அப்படி ஒரு ஆள் பக்கத்துல இல்லாமப் போச்சு.

— எங்கம்மாவுக்கு ஆள் எதுக்கு நானா? அதோட இடுப்புலயே படங்கு இருந்திச்சு. அதுக்கு வலது கை பின்னால வளையாது. தெனம் காலையில நான்தான் கட்டி விடுவேன். ரெட்ட முடிச்சு. அன்னைக்கும் கட்டி விட்டேன். தூக்குறப்பப் பாத்தா ஒடம்புல படங்கு இல்ல. கூடை கெடக்கு, செருப்பு கெடக்கு, படங்கு மட்டும் இல்ல. நாலு மாசமா மலை பூராத் தேடிட்டேன், தண்ணிக் கானுக்குள்ள எறங்கித் தேடிட்டேன். அது மேல இருந்திருந்தா எங்கம்மா பொழச்சிருக்கும்.

— சரி, அழாத. நான் வாய வச்சிட்டு சும்மா இருந்திருக்கலாம். கஜேந்திரன், நீங்க ஏன் அந்தப் பைய இப்படி நெஞ்சோட அமத்திப் புடிச்சிட்டு ஈக்கீங்க? இங்க யாரு எடுக்கப் போறா?

— சும்மாதான் நானா. மணி என்னா?

— ஒண்டு நாப்பது.

— கிஷாந்து, ரிமோட்ட எடு. கண்ண மூடு.

— என்னா?

— மூடிக்கிட்டு ஆடு.

— உனக்குப் பைத்தியமா?

— நாலு மாசமா நான் அப்படித்தானேடா சோறு திங்குறேன், கக்கூசு போறேன். ரெண்டு நிமிசம் நீ இருந்தா செத்தா போயிருவ? நானா, இவன் மூடுறானான்னு பாருங்க. கள்ளன்.

— மூடிட்டான். பல்லு கழட்டப் போறவன் மாதிரி ஈக்கான்.

— இப்ப கட்ட வெரல உருளுற பட்டன்ல இருந்து எடுத்துரு. எல் வன்னுல மட்டும் ஒரு வெரலு. எடுத்தியா?

— எடுத்துட்டா எப்படிடா தப்பிக்கிறது?

— தப்பிக்கவே வேணாம். நில்லு, அவ்வளவுதான். கேளு… ஒத்த மணி. இப்ப!

— ம்.

— ஒண்ணு. ரெட்ட மணி, இப்ப! ரெண்டு. அவசரப்படாத… இப்ப! மூணு.

— தம்பி, அப்படித்தான், அப்படித்தான்!

— நானா, சத்தம் போடாதீங்க, மணி கேக்கல. இப்ப! நாலு.

— கஜே.

— பேசாத. கேளு.

— கஜே, நான் போத்தல.

— இப்ப! அஞ்சு.

— நான் ஓடிட்டேன்டா. எங்கிட்ட படங்கு இருந்திச்சு. நீ லயத்துலயே மறந்து வச்சிட்டு வந்தது எனக்குத் தெரியும். நீ என் பேரச் சொல்லிக் கத்துன. நான் திரும்பிக்கூடப் பாக்கல. தேயில ஸ்டோரு ரோட்டு வரைக்கும் ஓடுனேன்.

— ரெட்ட மணி… இப்ப! ஆறு.

— கேக்குதா உனக்கு?

— அன்னைக்கே கேட்டுச்சு. உன் பூட்ஸ் சத்தம், சரளக் கல்லு மேல. ஒத்த மணி. இப்ப! ஏழு.

— தெரிஞ்சிருந்துமா எல்லார்கிட்டயும் நான் போத்துனேன்னு…

— அப்புறம் பேசு. இப்ப ஓடாத. இப்ப! எட்டு.

— வெரலு வழுக்குதுடா.

— வழுக்கட்டும். நில்லு. இப்ப! ஒம்போது. கண்ணத் தொறக்காத, ஒண்ணே ஒண்ணுதான், நீளமா ஒத்த மணி வரும், பொறு, பொறு… இப்ப! குத்து! குத்துடா அவன!

— அல்லாஹ்! விழுந்துட்டான்! கிஷாந்த், கண்ணத் தொற, அவன் விழுந்துட்டான்!

— சொல்லுடா, என்னா வருது? தண்ணிச் சத்தம் மாதிரி கேக்குது.

— மழ பெய்யுது. நம்ம ஆளு வாளக் கீழ வச்சிட்டு, செத்தவன் பக்கத்துல ஒக்காந்திருக்கான்.

— அப்புறம்?

— பேருங்க மேல போகுது. அவ்வளவுதான்.

— இதுக்காடா பதினெட்டு வாட்டி செத்தோம்.

— ஏன் பொய் சொன்ன, கஜே? கோயில் திருவிழாவுல கூப்புட்டுப் பொன்னாட போத்துனாங்க. உங்கம்மா பொங்குனா மொதத் தட்டு எனக்குத்தான் வருது. அவன் ஓடிட்டான்னு சொல்லியிருந்தா, நாலு பேரு அடிச்சிருப்பாங்க, நான் தூங்கியாவது இருப்பேன்.

— கண்ணுல கட்டுப் போட்டுப் படுத்திருக்கேன். யாரு போத்துனதுன்னு சுத்தி நின்னு கேக்குறாங்க. நீயும் பக்கத்துல அழுதுக்கிட்டு நிக்கிற. ஒரு பேரு சொல்லியாகணும். உன் பேரு வாயில வந்திச்சு.

— யாரும் போத்தலன்னு சொல்ல வேண்டியதுதானே?

— போத்துனாங்களேடா. மூஞ்சியில மட்டுந்தானே எனக்குக் கொட்டு. முதுகுல ஒண்ணு இருக்கா?

— யாரு?

— கஜேந்திரன், ஒண்டு அம்பது. எழும்புங்க, ஆட்டோ வாசல்ல நிக்குது.

— வர்றேன் நானா. கையக் குடுங்க. கிஷாந்து, இந்தப் பை உனக்கு. நான் கொண்டு போகல. ஆஸ்பத்திரியில என் துணியோட சேத்துக் கட்டிக் குடுத்ததுல இருந்திச்சு. நாலு மாசமாத் தலகாணிக்கு அடியில வச்சிருந்தேன், உங்கிட்ட எப்படிக் குடுக்குறதுன்னு தெரியாம.

— என்னா இது? படங்கு. கஜே, இது யாரோட படங்கு?

— முடிச்சத் தடவிப் பாரு. அவுக்க நேரமில்லாம, கயித்தப் பிச்சு எடுத்துத்தான் என்னப் போத்திச்சு. காலையில நீ கட்டிவிட்ட ரெட்ட முடிச்சு அப்படியே இருக்கு.