தெம்பிலேவுக்கு ஒரு பிரசங்கம்

நொலிதா: ...இன்னும் எவ்வளவு இருக்கு, போதகரே?

மட்டிவானே: பாதிதான் படிச்சிருக்கேன். இனிமேதான் சிலுவையோட தத்துவமே வருது.

நொலிதா: இதுவரைக்கும் உங்க பிரசங்கத்துல நாலு ஜெர்மன்காரங்க, வேத பண்டிதருங்க, வந்துட்டாங்க. செத்துப்போன என் புருஷன் இன்னும் வரல.

மட்டிவானே: அடக்கப் பிரசங்கம்னா அதுக்கு ஒரு... சரி, இரு. டீக்கன் தேநீர் கொண்டு வர்றாரு.

நொலிதா: வாசல்லயே நிக்கச் சொல்லுங்க. என்மேல தடை உத்தரவு போட்டிருக்காங்க. என்கூட ஒரு நேரத்துல ஒருத்தர்தான் இருக்கலாம். மூணு பேரானா கூட்டம், கூட்டம்னா ஜெயில். நம்ம தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்கு அவ்வளவு கணக்குத்தான் தெரியும்.

மட்டிவானே: அப்போ நாம ஜெபம்கூடப் பண்ண முடியாதா?

நொலிதா: பண்ணலாம். ஆண்டவர் வராம இருந்தா சரி.

மட்டிவானே: சிரிக்க வைக்காத. நாளைக்கு மண்ணு போடணும்.

நொலிதா: போன மாசம் என்ன சொன்னீங்க? கிறிஸ்து கறுப்பர், நம்ம தெருவுலதான் குடியிருக்கார்னு. என் தெம்பிலே முன்வரிசையில உக்காந்து தலையாட்டினாரே.

மட்டிவானே: தலையாட்டினானா? வெளிய வந்து சண்டை போட்டான். "கடவுள் நம்ம பக்கம், சரி. நாம எப்போ நம்ம பக்கம் வரப்போறோம்"னு.

நொலிதா: சரியாத்தான் கேட்டிருக்கார். குனிஞ்சே பழகினவன், விடுதலை வந்து கதவைத் தட்டினாலும் "எஜமான் வீட்டுல இல்லீங்க"ன்னுதான் சொல்லுவான்.

மட்டிவானே: நிமிர்றதுக்குத் தெம்பு எங்கேருந்து வரும்? அதைத்தான் நான் வேதத்துல தேடறேன். நீங்க ரெண்டு பேரும் சொல்றதும் நான் சொல்றதும் ஒரே...

நொலிதா: அப்போ அதைச் சொல்லுங்க. போலீஸ் காவல்ல வச்சு அடிச்சுக் கொன்னாங்கன்னு சொல்லுங்க. அதென்ன 'அகால மரணம்'? போலீஸ் எப்பவும் சொல்ற மாதிரி, சோப்பு வழுக்கி விழுந்தார்னும் சேர்த்துக்குங்களேன்.

மட்டிவானே: கொஞ்சம் நிதானமா...

நொலிதா: பயமா?

மட்டிவானே: பயம்தான். எனக்காக இல்ல.

நொலிதா: பின்ன?

மட்டிவானே: மாஜிஸ்திரேட்டைப் போய்ப் பார்த்தேன். நீ குழிகிட்ட வரணும்னா அனுமதி வேணுமே. பிரசங்கத்துல அரசியல் இருக்காதுன்னு வாக்கு கொடுன்னாரு. கொடுத்தேன். ஒரு வார்த்தை மீறினா அங்கேயே உன்னை வண்டியில ஏத்திடுவாங்க.

நொலிதா: அதுக்கா இத்தனை ஜெர்மன்காரங்க?

மட்டிவானே: அவங்க சொல்றது போலீஸுக்கும் புரியாதே...

நொலிதா: வீட்டுக்கு வந்த அந்த அனுமதியைக் காலைலயே திருப்பிக் கொடுத்துட்டேன், போதகரே. தடுப்பீங்கன்னுதான் சொல்லல. என் புருஷனைப் புதைக்க நான் எவன்கிட்டயும் கேக்கப் போறதில்ல. நாளைக்கு வருவேன், குழியோரமா நிப்பேன். எப்படியும் பிடிச்சுட்டுப் போவாங்க... போற வழியில நினைச்சுக்க ஒரு பிரசங்கம் வேணும், எழுதுங்க.