பச்சைக் கோட்டு

— சாக்கு சொல்லாதடி. வெள்ளிக்கிழமை ஏர்போர்ட்டுக்கு அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுட்டுத்தான் வர்ற.

— எதுக்குக்கா? கோட்டு இல்லேன்னா என்னை அடையாளம் தெரியாதா உனக்கு?

— நாலு வருஷம் கழிச்சு உங்க நாட்டுக்கு வர்றேன். உன்னை அந்தக் கோட்டுல பார்க்கணும். அவ்வளவுதான்.

— அங்க குளிருதுன்னா இங்கயும் குளிருமா? வெந்துருவேன்.

— அப்ப எதுக்கு வாங்கின?

— ...அழகா இருந்துச்சு.

— சரி, கையில மடிச்சு எடுத்துட்டு வா.

— லாண்டரில இருக்கு.

— வாங்கிப் பத்து நாள் ஆகலை. அதுக்குள்ள லாண்டரியா?

— கறை பட்டுடுச்சு.

— என்ன கறை?

— ஐயோ... மை. பேனா மை. போதுமா? பெரியம்மாகிட்ட போனைக் குடு, நான் பேசறேன்.

— அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. பேச்சை மாத்தாத. அந்த நீலக் கவுன் என்னாச்சு?

— எந்த நீலக் கவுன்?

— போன மாசம் போட்டுப் படம் அனுப்பினியே. முதுகுல பட்டன் வச்சது. அதையாவது போட்டுட்டு வா.

— அது... சின்னதாயிடுச்சு.

— ஒரு மாசத்துலயா? அப்படி என்னடி சாப்பிடற?

— சிரிக்காதக்கா.

— நான் சிரிக்கலை. போனைத் திருப்பு. உன் அலமாரியைக் காட்டு.

— இப்பவா? ரூம் குப்பையாக் கிடக்கு.

— என் ரூமைவிடவா? திருப்பு.

— அம்மா தூங்கறாங்க.

— சித்தி பாத்திரம் உருட்டற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது.

— உனக்குப் பாம்புக் காது.

— கண்ணும் நல்லாத்தான் இருக்கு. நீ அனுப்பின படத்தையெல்லாம் நேத்து வரிசையா வச்சுப் பார்த்தேன். பதினோரு படம். பதினொண்ணுலயும் உன் தலைக்குப் பின்னாடி மூணு கொக்கி. நடுவுல இருக்கறது வளைஞ்சிருக்கு.

— என் ரூம் கொக்கிதான்.

— அப்ப காட்டு.

— காட்ட மாட்டேன்.

— வேண்டாம். வெள்ளிக்கிழமை உன் ரூம்லதானே படுக்கப் போறேன். நானே பார்த்துக்கறேன்.

— இரு, அக்கா... நானே சொல்லிடறேன். அது டிரையல் ரூம்.

— எந்தக் கடையில?

— உங்க ஊர்லயும் இருக்கே, அதே கடை. சனிக்கிழமை ஆனா அங்க வேலைக்குப் போறேன். ரிட்டர்ன் கவுன்டர்.

— வேலைக்கா? நீயா?

— ஏன், உனக்கு மட்டும்தான் கை கால் இருக்கா? வாங்கிட்டுப் போனவங்க பிடிக்கலைன்னு திருப்பிக் கொண்டுவருவாங்க. பட்டன் சரியா இருக்கா, அக்குள்ல சென்ட் வாடை அடிக்குதான்னு பார்த்து மடிச்சு வைக்கணும்.

— அக்குளை மோந்து பார்ப்பியா?

— அதான் வேலையே. நல்லதா ஒண்ணு வந்துச்சுன்னா, மத்தியானம் சாப்பிட விடறப்போ டிரையல் ரூமுக்குள்ள போய்ப் போட்டுப்பேன். உனக்கு ஒரு படம். அப்புறம் கழட்டி இருந்த இடத்துல மாட்டிடுவேன். அஞ்சு நிமிஷ வேலை.

— பதினொண்ணுமா?

— பதினொண்ணும். ஒண்ணுகூட என்னோடது இல்ல. திட்டறதா இருந்தா இப்பவே திட்டிடு. இங்க வந்து அம்மா முன்னாடி வேண்டாம்.

— ஏன்டி இப்படி?

— உன்னாலதான்.

— நான் என்ன பண்ணினேன்?

— போன வருஷம் ஒரு கோடு போட்ட சட்டையைக் காட்டினியே. காட்டிட்டு, "அங்க இதெல்லாம் வர்றதுக்கு நாளாகும் இல்ல?"ன்னு கேட்ட.

— அப்படியா கேட்டேன்?

— அப்படித்தான். அடுத்த சனிக்கிழமையே அந்தச் சட்டை என் கவுன்டருக்கு வந்துச்சு. சும்மா விடுவேனா? "செமயா இருக்குடி"ன்னு நீயே எழுதின. உங்கிட்ட அப்படி ஒரு வார்த்தை வாங்கறது லேசுப்பட்ட காரியமா? அப்புறம் நிறுத்த முடியலை.

— இன்னும் அனுப்பப் போறியா?

— இல்ல. முடிஞ்சது. இனிமே ஒரு படமும் வராது. வெள்ளிக்கிழமை ஸ்கூல் முழுக்கைச் சட்டையில வருவேன். முழங்கையில கிழிஞ்சது. உனக்குக் கேவலமா இருந்துச்சுன்னா தெரியாத மாதிரி தாண்டிப் போயிடு.

— கத்தாத. ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— வேற நாட்டுல வாங்கினதை உங்க கவுன்டர்ல எடுத்துப்பாங்களா?

— எல்லாம் ஒரே கம்பெனிதானே? பில் வேணும். டேக் வெட்டியிருக்கக் கூடாது.

— வாங்கி ரொம்ப நாள் ஆயிருந்தா?

— ஒரு வருஷம் வரைக்கும் எடுப்பாங்க. எதுக்கு?

— இங்க கொண்டுபோய்க் குடுக்க வெக்கமா இருக்கு. எல்லாரும் தெரிஞ்ச முகம். சனிக்கிழமை கவுன்டர்ல நீதானே இருப்ப?

— நான்தான் இருப்பேன். என்னக்கா கொண்டுவர்ற?

— ரெண்டு பெட்டி. அம்மாவுக்கே தெரியாது, கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். உன் படம் ஒவ்வொண்ணும் வந்த மறுநாளே அதையே வாங்கக் கடைக்கு ஓடினேன்டி... உங்கிட்ட இருந்து எங்கிட்ட இல்லாமப் போயிடக் கூடாதுன்னு.