மாலத்தீவில் போட்ட தூண்டில்

தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் பஸ். என் முன் சீட்டில் வயதான தம்பதி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் இருவரையும் மாலத்தீவுக்குக் கூட்டிப் போய்வந்த சேதி, வடுவூர் வருவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"மீன் புடிக்கக் கத்துக்குடுக்க எனக்கு ஒரு ஆளு!" என்றார் அவர். "வாய்க்கால்ல தூண்டில் போட்டே வளந்தவன் நான்."

"தெரியும்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றார் மனைவி.

"புள்ள ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்கான், எப்புடிச் சொல்றது? ஒண்ணும் தெரியாதவனாட்டம் படகுல ஒக்காந்திருந்தேன். இரையக் கோத்ததும் பழக்கதோஷத்துல அதுமேல துப்பிட்டேன். அந்த ஆளு சிரிச்சிட்டான்."

"அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, கத்துக்குடுக்க ஒண்ணுமில்லன்னு சீக்கிரமே கரைக்குத் திரும்பியிருப்போம். செல்போனத் தொடாம புள்ள எம் பக்கத்துல நாள் முழுக்க ஒக்காந்தது அன்னைக்குத்தான்."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க வாய்க்கால்ல தூண்டில் போட்டத அவன் மறந்துட்டான்னா நெனச்சீங்க? எங்கிட்ட சொன்னான். 'அப்பாவுக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் சாயங்காலம் வரைக்கும் மெதுவாச் சொல்லிக்குடுங்க'ன்னு அந்த ஆளுகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருக்கான்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திருட்டுப் பய" என்றார்.